மனுதாரர் வீடு நீங்கலாக

பொம்மிக்குளத்தின் ஆழத்தை எடுத்துவிடச் சொல்லி மனுக் கொடுத்தவள் பூங்காவனம்தான், வேறு ஒருத்தருமில்லை. பின்னாளில் தெருவே திரண்டு வந்து, நாங்களும்தானே தலையாட்டினோம், எல்லாத்தையும் உன் ஒருத்தி தலையில போட்டுக்காதே என்று பழியில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கேட்டபோதுகூட அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "கையெழுத்து என்னுது. நிறுத்தி நிதானமா முழுப்பேரும் எழுதினேன்" என்றாள்.

அந்தக் குளத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடவேண்டும். நெடுங்கம்பட்டு ஊருக்கு நட்டநடுவில், நாலு பக்கமும் கருங்கல் படி இறங்க, எந்த ராஜா காலத்திலோ பொம்மி என்று ஒருத்தி தன் நகையை விற்று வெட்டிவைத்த குளம். அதில் குளித்து, அதில் துவைத்து, முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு அதில் நீச்சல் பழகி, மண்டபத்து மேலிருந்து அதில் குதித்து, அதில் சாமிக்குத் தெப்பம் விட்டு, அதிலேயே செத்தவர்களின் சாம்பலையும் கரைத்து, ஊர் தன் நல்லது பொல்லாது எல்லாவற்றையும் அங்கேதான் நனைத்துக்கொண்டது. வடகிழக்கு மூலையில் ஆனைமடு என்று ஓர் இடம், இருபத்திரண்டு அடி. அங்கே போய்த் தரையைத் தொட்டு ஒரு பிடி சேறு எடுத்துவந்து காட்டக்கூடிய ஆள் ஊரில் ஒருத்தர்தான் இருந்தார், அவர் பூங்காவனத்தின் புருஷன் மன்னாரு.

மன்னாருவுக்கு ரைஸ் மில்லில் வேலை. மில்லுக்குப் போவதற்கு முன்னால் குளம், மில் விட்டு வந்ததும் குளம், நடுவில் கிடைக்கிற நேரத்தில் வீடு. குளிக்கப்போன பெண்ணின் மூக்குத்தி, துவைக்கப்போனவளின் பித்தளைக் குடம், பள்ளிக்கூடத்துப் பையன்கள் பந்தயம் கட்டித் தள்ளிவிட்ட சைக்கிள், தாசில்தார் ஆபீஸ் பீரோவின் சாவிக்கொத்து என்று ஊர் தவறவிட்டதையெல்லாம் அவர் மூழ்கி எடுத்துக்கொடுத்தார். அதற்கு அவர் வீட்டில் ஒரு பாதாளக்கரண்டி இருந்தது. இரும்பு வளையத்தைச் சுற்றிலும் கொக்கி கொக்கியாகத் தொங்கும் அந்தச் சாமானைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் விட்டால் விழுந்த வாளி மாட்டிக்கொண்டு வரும். அதை இரவல் கேட்டு வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் பாத்திரம் ஒன்றை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போகவேண்டும், திருப்பித் தரும்போது பாத்திரத்தை வாங்கிக்கொள்ளவேண்டும், ஈடு வந்த பாத்திரத்தில் கரண்டி வீட்டுக்காரர்கள் ஒரு வாய்த் தண்ணீர்கூட மொள்ளக்கூடாது. இது யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மீறினவர்கள் கிடையாது.

கல்யாணமான புதிதில் மன்னாரு கரண்டியோடு உள்ளே போக, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்காருவது பூங்காவனத்தின் வேலையாக இருந்தது. அவள் மலையடிவாரத்து வறண்ட ஊர்க்காரி, தண்ணீரைக் குடத்தளவுக்கு மேல் பார்த்தறியாதவள், நீச்சல் தெரியாது. "ஒரு சுண்டு சுண்டினா கயிறு விடணும். ரெண்டு சுண்டு சுண்டினா தூக்கணும். அவ்ளோதான் பூங்கா, இதுல ஒண்ணுமே இல்ல" என்று மன்னாரு சொல்லிவிட்டுத்தான் இறங்குவார், பூங்காவனம் என்ற அவ்வளவு நீளப் பேரை அவர் பூங்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் உள்ளேயிருந்து ஒரு சுண்டு வந்த உடனே இவள், ஐயோ என் புருஷன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துவிடுவாள். கையில் அகப்பட்டது நழுவிப்போக, மன்னாரு வெறுங்கையோடு மேலே வந்து, மூச்சு வாங்க, "ஒண்ணுக்கு விடணும்டி, ரெண்டுக்குத்தான் இழுக்கணும்" என்பார். சரி சரி என்பாள், அடுத்த முறையும் இழுப்பாள். ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டு அவர் கயிற்றை ஜன்னல் கம்பியிலோ மண்டபத் தூணிலோ கட்டிவிட்டுத் தனியாக இறங்கப் பழகிக்கொண்டார். அதற்குப்பிறகு முப்பத்துமூன்று வருஷம் அவள் கயிற்றைத் தொடவில்லை.

அறுபது தாண்டியதும் டாக்டர் மன்னாருவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இதயம் வீங்கியிருக்கிறது, இனிமேல் மூச்சடக்குகிற வேலை வைத்துக்கொண்டால் ஒருநாள் மேலே வரமாட்டீர்கள் என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்னார். மன்னாரு ஆகட்டும் டாக்டர் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குளத்துக்குப் போனார். பூங்காவனம் கெஞ்சினாள், அழுதாள், ஓசூரிலிருந்த மகளை போனில் அழவைத்தாள், மூன்று நாள் சோறு பொங்காமல் கிடந்தாள். மனுஷன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டேதான் இருந்தார்.

அப்போதுதான் பொம்மிக்குளத்தை அழகுபடுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. என்ஜினீயர் ஜோதிலிங்கம் வந்து டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது பூங்காவனம் கையில் மனுவோடு போய் நின்றாள். "சார், பூ வைங்க, பவுண்டன் வைங்க, என்னமோ பண்ணுங்க. அந்த ஆழத்தை மட்டும் எடுத்துடுங்க சார்" என்றாள். ஜோதிலிங்கம் நல்ல மனிதர், யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே எழுதிக்கொள்கிறவர், "எடுத்துடலாம்மா" என்றார்.

சொன்னபடி எடுத்தார். மண் நிரப்பி, கறுப்புத் தார்ப்பாய் விரித்து, இரண்டே அடித் தண்ணீர் விட்டு, சிமெண்ட் உறைகளில் அல்லி நட்டு, நடுவில் கலர் கலராகப் பீச்சுகிற நீரூற்றும், ஃபைபரில் செய்த நாலு அன்னங்களும், சுற்றிலும் வழுவழுவென்று டைல்ஸ் பாதையும் வைத்து, படிக்கட்டில் மேல் மூன்று படிகளை மட்டும் பழமைக்கு அடையாளமாக விட்டுவைத்து, தை மாதம் திறந்தார்கள். வாசலில் 'பொம்மிக்குளம் பூங்கா' என்று பெரிய போர்டு. மன்னாரு அதன் கீழே நின்று கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தார். "பூங்கா, உன் பேரையே வெச்சுட்டாங்க பாரு" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாசி முதல் வாரத்தில் ஆழம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. முதலில் வந்தது ரெஜினா டீச்சர் வீட்டுக்கு. டம்ளரில் எலுமிச்சைச் சாறு கலக்கும்போது கைதவறி ஸ்பூன் உள்ளே விழ, டங்கென்ற சத்தம் வரவேயில்லை. விரலை விட்டார், மணிக்கட்டை விட்டார், டம்ளர் கொள்ளாத கை முழங்கை வரைக்கும் போயும் அடி தட்டுப்படவில்லை. ஸ்பூன் போச்சே என்று டீச்சர் வருத்தப்பட்டுக்கொண்டு வேறு டம்ளரில் கலக்கினார், அதிலும் அதே ஆழம். அடுத்து டெய்லர் வீட்டுக் குடத்தில், அடுத்து வாட்ச்மேன் வீட்டுப் பிளாஸ்டிக் வாளியில், வெள்ளிக்கிழமைக்குள் வார்டு முழுக்க, தண்ணீர் ஊற்றிய பாத்திரம் எதுவானாலும் உள்ளே இருபத்திரண்டு அடி இருந்தது.

ஊர் என்ன செய்யும்? பழகிக்கொண்டது. கரண்டிக்கும் டம்ளருக்கும் நூல் கட்டிப் புழங்கினார்கள், கைக்குழந்தைகளைக் குழாயடியில் மட்டும் குளிப்பாட்டினார்கள், வாளிகளுக்கெல்லாம் இடியாப்பத் தட்டை மூடியாகப் போட்டார்கள். சித்திரை வெயில் வந்ததும் ஆழத்தின் அருமை தெரிந்தது. தயிர்ச்சட்டியைக் கயிற்றில் கட்டிக் குடத்துக்குள் பதினைந்து அடி இறக்கிவைத்தால் சாயங்காலம் வரைக்கும் புளிக்கவில்லை; நகை நட்டை டம்ளருக்குள் போட்டு வைத்துவிட்டு ஊருக்குப் போய்வந்தார்கள்; மாமியாரிடம் காட்டமுடியாத கோபத்தை மருமகள்கள் தவலைக்குள் குனிந்து கத்தித் தீர்த்துக்கொள்ள, அது மேலே வர அரைநாள் பிடித்தது, அதற்குள் சண்டையே மறந்துபோயிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள், "உங்க வீட்ல எத்தனை அடி நிக்குது?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்துக்குள், முன்னொரு காலத்தில் அது ஒரு குளத்தில் இருந்தது என்பதே மறந்துபோய், எங்க வீட்டு ஆழம், எங்க வீட்டு ஆழம் என்று எல்லாரும் பேசினார்கள்.

பூங்காவனத்தின் வீட்டுக்கு மட்டும் ஆழம் வரவில்லை. அவள் குடத்தில் கைவிட்டால் குடத்தின் அடி, டம்ளரில் விரல்விட்டால் டம்ளரின் அடி. ஆனால் கரண்டி அவள் வீட்டில்தான் இருந்தது, ஊரிலேயே மிச்சமிருந்த ஒரே பாதாளக்கரண்டி. காலையில் கதவைத் திறந்தால் ஆள் நிற்கும், "யக்கா, எங்க சாவி சொம்புக்குள்ள போயிடுச்சு, கொஞ்சம் கரண்டி கொடேன்" என்று. ஈடு வந்த தவலைகளும் குண்டான்களும் போவதும் வருவதுமாகக் கூடம் பாத்திரக்கடையாகிவிட்டது. மன்னாரு சுவரோரமாக உட்கார்ந்து, ஊர் முழுக்க இருக்கிற ஆழத்தின் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். நானும் வந்து எடுத்துத் தரட்டுமா என்று எழுந்திருப்பார். "உக்காருய்யா, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று பூங்காவனம் ஒரு அதட்டுப் போட்டால் உட்கார்ந்துவிடுவார்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது, இல்லையா? புருஷன் வீட்டோடு இருந்தார். காலையிலும் மாலையிலும் பூங்காவில், ரிட்டையரான மற்ற ஆட்களோடு, காலில் ஷூ மாட்டிக்கொண்டு, டைல்ஸ் பாதையில் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெஞ்சுவீக்கம்கூடக் குறைந்திருந்தது. ஆனால் பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, மாத்திரை கொடுத்தால் விழுங்கினார், டிவி போட்டால் பார்த்தார். ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னய்யா ஆச்சு உனக்கு?" என்று கேட்டபோது, அவர் யோசித்து, "ஒண்ணும் ஆகலை பூங்கா. எதுலயும் கால் ஊனிக்குது, அதான்" என்றார்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது, தான் எடுக்கச் சொன்னது எதை என்று. மறுநாளே என்ஜினீயர் ஆபீசுக்கு ஓடினாள்.

ஜோதிலிங்கம் ஃபைலைப் புரட்டிக் காட்டினார். குளத்து ஆழத்தை எடுப்பதற்கென்று படிவம் எதுவும் கிடையாது, குளத்து வண்டல் எடுப்பதற்குத்தான் உண்டு. அதனால் அவர் அந்தப் படிவத்தையே எடுத்து, அதில் அச்சடித்திருந்த 'வண்டல்' என்ற வார்த்தையை மட்டும் ஏழு இடத்தில் அடித்துவிட்டு 'ஆழம்' என்று எழுதியிருந்தார். 'மேற்படி குளத்திலிருந்து எடுக்கப்பட்ட ஆழம் வார்டு பொதுமக்களுக்குச் சமமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது' என்று இருந்தது. அதற்குக் கீழே, மண்ணுக்கு ஆசைப்பட்டு எவனும் மனுப் போட்டுவிடக்கூடாது என்று எந்தக் காலத்திலோ சேர்த்த வரி: 'மனுதாரர் வீடு நீங்கலாக.'

"திருப்பிக் குளத்துல போட்டுடுங்க சார். தெரியாம கேட்டுட்டேன்."

"வாங்கினவங்ககிட்டேருந்து எழுதி வாங்கிட்டு வாங்கம்மா, அத்தனை வீட்டுக்காரங்களும் சம்மதிச்சா போட்டுடலாம்" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லாரும் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள், மன்னாரு அண்ணனுக்கு இப்படியா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், கையெழுத்து மட்டும் போடவில்லை. மகள் கல்யாணம் இந்த ஆழத்தை நம்பித்தான் பேசியிருக்கு யக்கா என்றாள் ஒருத்தி. வெயில் போகட்டும் பார்க்கலாம் என்றாள் இன்னொருத்தி. ரெஜினா டீச்சர் மட்டும், "என் வீட்டுது வேணா எடுத்துட்டுப் போங்க. ஆனா நான் ஒருத்தி கொடுத்து குளம் ஆயிடுமா?" என்று கேட்டார்.

தோற்றுப்போய் வந்தவளின் கண்ணில் கூடத்து மூலையில் கவிழ்த்துவைத்திருந்த அண்டா பட்டது. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற தசரதன், பெரிய ஜல்லிக்கரண்டி தண்ணீருக்குள் போய்விட்டதென்று பாதாளக்கரண்டியை ஒரு வாரத்துக்கு வாங்கிப்போனவன், ஈடாக வைத்தது. ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கிற அண்டா, உள்ளே ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். கரண்டியை நேற்றே திருப்பிக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டான், அண்டாவை முகூர்த்தம் முடிந்து தூக்கிக்கொள்கிறேன் என்று போயிருந்தான். ஈட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் மொள்ளக்கூடாது. பூங்காவனம் அந்த அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதை நிமிர்த்திவைத்து, தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் நாற்பது நடை நடந்து குடம் குடமாக ஊற்றி நிரப்பினாள். தசரதன் வீட்டுப் பாத்திரம், தசரதன் வீட்டு ஆழம், அது பாத்திரத்தோடேயே வந்திருந்தது. தண்ணீர் உள்ளே கறுத்துக்கொண்டு போனது.

"இந்தாய்யா, இங்க வா" என்று கூப்பிட்டாள். "கையை மட்டும் வுடு. தோள் வரைக்கும்தான். அதுக்கு மேல வேணாம், என் தலைமேல சத்தியம் பண்ணு."

மன்னாரு சத்தியம் பண்ணினார். சட்டையைக் கழற்றிவிட்டு, அண்டாவை ஒட்டி முட்டிபோட்டு உட்கார்ந்து, வலது கையைத் தோள் வரைக்கும் விட்டு, கன்னத்தை விளிம்பில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினார். "பாசி வாசனை வருது பூங்கா" என்றார். பத்து நாள் அப்படி இருந்தது. பத்து நாளும் மனுஷன் சிரித்தார், குழம்பில் உப்பு இல்லையென்று சத்தம் போட்டார், புதிதாகக் கல்யாணமானபோது அவள் கயிற்றை இழுத்து இழுத்துக் கெடுத்த கதையையெல்லாம் சொல்லி அவளைக் கிண்டல் பண்ணினார். தசரதனும் அண்டாவைத் தேடி வந்தவன், வாசலிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு, இருக்கட்டும் அண்ணி என்று போய்விட்டான். அந்தப் பத்து நாளைப் போல அவள் வாழ்நாளில் சந்தோஷமாக இருந்ததில்லை, அதை இப்போது நினைத்தாலும் அவளால் தாங்கமுடிவதில்லை.

பதினோராம் நாள் காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்தவள் கூடத்துக்குள் நுழைந்தபோது ஆள் இல்லை. துண்டு மடித்து வைத்திருந்தது, அதன்மேல் கண்ணாடி. சமையலறை நிலையில் பாதாளக்கரண்டி மாட்டுகிற ஆணி வெறுமையாக இருந்தது. அதற்கு நேர் கீழே, தரையில், மன்னாரு தண்ணீர் குடிக்கிற பித்தளைச் சொம்பு ஒழுங்காகக் கவிழ்த்து வைத்திருந்தது. கயிறு ஜன்னல் கம்பியில் கட்டி, அண்டாவுக்குள் இறங்கியிருந்தது.

சொம்பைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இரவல் வாங்கினவர் முறைப்படி ஈடு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ஓடிப்போய்க் கயிற்றைக் கம்பியிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்தாள். முப்பத்துமூன்று வருஷம் கழித்துப் பிடிக்கிறாள்.

ஒரு சுண்டு வந்தது.

இழுக்கப்போன கையை அவளே பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். கயிறு விட்டாள். பத்து அடி போனது. மறுபடியும் ஒரு சுண்டு. விட்டாள். இருபத்திரண்டு அடி எப்போதோ தாண்டிவிட்டது, அறுபது அடிக் கயிறும் தீரப்போகிறது என்றபோது, "யாராவது கயிறு கொண்டாங்களேன்" என்று குரல் கொடுத்தாள். ஆழத்தைத் தரமாட்டோம் என்றவர்கள் கயிற்றைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கிணற்றுக் கயிறு, கொடிக்கயிறு, மாட்டுக்கயிறு, தசரதன் பந்தலிலிருந்து அவிழ்த்து வந்த வடம், ரெஜினா டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிவந்த கயிறிழுக்கும் போட்டிக் கயிறு. முடிச்சுப் போட்டுப் போட்டுக் கொடுத்தார்கள், அவள் விட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சுண்டுதான். "ரெண்டு சுண்டுய்யா, ரெண்டு" என்று அவள் தண்ணீரைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தாள்.

வெயில் சாயும் நேரத்துக்கு ஊரில் கயிறு தீர்ந்துபோனது. கடைசி முழம் அவள் கையில் இருந்தது. ஒரு சுண்டு வந்தது.

"இழுத்துடலாம் அண்ணி" என்றான் தசரதன். "நாலு பேர் புடிச்சா அண்ணன் வந்துடுவாரு. சொல்லுங்க, இழுத்துடலாம்."

நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். இழுத்தால் என்ன வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பூங்காவனம் அவர்கள் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். "ஒண்ணுக்கு விடணும்" என்று சொல்லிவிட்டுக் கையைத் திறந்தாள். கயிற்றின் முனை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, உள்ளே போயிற்று.

அது போனபிறகுதான் அவளுக்கு உறைத்தது, இனி அவர் ரெண்டு சுண்டு சுண்டினாலும் தெரிந்துகொள்ளத் தன் கையில் ஒன்றுமில்லை என்பது. அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், பெண்களால் பிடித்து நிறுத்தமுடியவில்லை.

இப்போதும் யாராவது பழக்கதோஷத்தில் கரண்டி இரவல் கேட்டு வந்துவிடுவதுண்டு. "இரவல் போயிருக்கு" என்பாள். யாருக்கு என்று கேட்டால் நிலையோரத்தில் கவிழ்த்தபடியே இருக்கிற சொம்பைக் காட்டி, "ஈடு இருக்குதே, வந்து வாங்கிக்குவாரு" என்பாள், வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அண்டாவைத் தசரதன் இன்றுவரைக்கும் கேட்கவில்லை. பூங்காவில் நீரூற்று பீச்சுகிறது, அன்னங்கள் வெயிலில் வெளுத்துப்போய்விட்டன.

தினமும் காலையில் பால் வாங்கிவைத்த கையோடு பூங்காவனம் அண்டாவை ஒட்டி முட்டிபோட்டு உட்கார்ந்து, கயிற்றின் முனை எந்தப் பக்கமாவது மிதந்து வந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று, கையை விரித்து உள்ளே விடுகிறாள். தோள் வரைக்கும்தான். அதற்கு மேல் போக அவளுக்கு நீச்சல் தெரியாது.